கிட்டத்தட்ட இருநூறு

கூடுவாஞ்சேரிக்கும் பொத்தேரிக்கும் நடுவில், ரயில் பாதையைத் தாண்டி உள்ளே போனால் ஒரு நடுநிலைப் பள்ளி வரும். கேட்டைக் கடந்ததும் வருகைப் பலகை. எல்லாப் பள்ளியிலும் உள்ளதுதான். எந்த வகுப்பில் இன்றைக்கு எத்தனை பிள்ளைகள் என்று காலையில் சாக்பீஸால் எழுதுவார்கள், அடியில் மொத்தம் போடுவார்கள். இந்தப் பள்ளிப் பலகையில் மட்டும் மொத்தத்துக்கு இரண்டு கட்டம். முதல் கட்டத்தின் மேல் 'கிட்டத்தட்ட' என்று பெயின்ட்டால் எழுதியிருக்கும். அடுத்த கட்டத்தின் மேல் 'சரியாக'.

பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். "என்ன சார் இது? அட்டென்டன்ஸ்ல போய் கிட்டத்தட்டயா?" என்று தலைமையாசிரியர் கோபாலகிருஷ்ணனைக் கேட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் கணக்கு டீச்சர் பதருன்னிசா முந்திக்கொண்டார்.

"நான் போடச் சொன்னது சார். மொதக் கட்டம் நெரம்பாம ரெண்டாவது கட்டத்துல நான் கை வைக்க மாட்டேன்."

அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. டீச்சரைப் பழைய நாளிலிருந்து தெரிந்தவர்களுக்கே இந்த வார்த்தை காதில் விழுந்தால் மயக்கம் வரும். 'கிட்டத்தட்ட' என்ற சொல்லை இருபத்தாறு வருஷம் தன் வகுப்புக்குள் நுழைய விடாத மனுஷி அவர்.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் அவருடைய அத்தா ஷஃபியுல்லா தையல் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் இஞ்சு டேப்பின் மறுமுனையைப் பிடிப்பது மகளுடைய வேலை. ஒரு நாள் ஏதோ ஒரு சட்டையின் தோள் அளவு கொஞ்சம் பிசகிவிட்டது. "கால் இஞ்சுதானே அத்தா" என்று சொல்லப் போக, அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு மகளைப் பார்த்தார். "கால் இஞ்சு பிடிச்சா மனுசன் மூச்சு விட முடியாதும்மா" என்றார். திட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியம் பிள்ளையின் நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது. இன்று வரை இறங்கவில்லை.

இப்போதும் செங்கல்பட்டிலிருந்து ரயிலில்தான் வருகிறார். ஏறி இறங்கும் மேம்பாலத்துக்கு எத்தனை படி என்று கேளுங்கள், நாற்பத்து மூன்று என்பார். சந்தேகப்பட்டு எண்ணிப் பார்த்தவர்கள் உண்டு. நாற்பத்து மூன்றுதான். பள்ளியில் எத்தனை பெஞ்சு, எத்தனை ஜன்னல் கம்பி, வேப்ப மரத்தில் போன வருஷம் வெட்டிய கிளை எத்தனை, எல்லாம் அவர் மண்டைக்குள் இருக்கும். கால்குலேட்டரைத் தொட மாட்டார். ஐந்தாறு வரிக் கூட்டலைப் பலகையைப் பார்த்தபடியே மனசில் போட்டுச் சொல்லிவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம். கொஞ்சமில்லை, நிறைய.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'ஒண்ணு மிஸ்'. ஒரு முறை ஏழாம் வகுப்புப் பையன் முன்னூற்று நாற்பத்தொன்பது வர வேண்டிய இடத்தில் நாற்பத்தெட்டு என்று எழுதிவிட்டு, "ஒண்ணுதானே மிஸ்" என்று பல்லைக் காட்டினான். டீச்சர் அவனை எழுப்பி நிறுத்தினார். "உங்க வூட்டுல உன்ன மாதிரி எத்தன பேரு?" என்று கேட்டார். "நான் ஒருத்தன்தான் மிஸ்." "ஒண்ணுதானேன்னு உன்ன எங்கனா உட்டுட்டு வந்தா உங்கம்மா சும்மா இருப்பாங்களா?" வகுப்பு கொல்லென்று சிரித்தது. அதிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒண்ணு குறைந்தாலும் தப்பு, ஒண்ணு கூடினாலும் தப்பு.

இப்படிப்பட்டவர் கையில் ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைக் கொடுத்து, எண்ணைப் பத்துக்கும் நூறுக்கும் முழுமையாக்கி உத்தேச விடை காணச் சொல்லிக் கொடுங்கள் என்றால் எப்படி இருக்கும்? அவருக்கு அது பொய்க் கணக்கு. அறுபத்து மூன்றை அறுபது என்று எழுதச் சொல்ல அவருக்கு மனசு வராது. பாடத்தைத் தள்ளவும் முடியாது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார். முதலில் சரியான விடையைக் கண்டுபிடி, அப்புறம் அந்த விடையை முழுமையாக்கி எழுது. முடிந்தது உத்தேசம்! வருஷா வருஷம் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகளும் அப்படியே எழுதி மார்க் வாங்கினார்கள். உத்தேசம் என்பது விடைக்கு முன்னால் போய் நிற்க வேண்டியது, விடையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வருவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. சொன்னாலும் யார் கேட்பது?

அந்த வருஷம் ஐந்தாம் வகுப்பில் ஹரிப்ரியா என்று ஒரு பெண். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, மூக்கு நுனியில் எப்போதும் வியர்வை. கூட்டல் போட்டால் கூட்டலில் தப்பு, கழித்தல் போட்டால் கழித்தலில் தப்பு. ஒரு நாள் டீச்சர் பலகையில் 412லிருந்து 189ஐக் கழித்து உத்தேச விடை எழுதச் சொன்னார். எல்லோரும் முதலில் 223 என்று கண்டுபிடித்து, அதை 220 ஆக்கினார்கள். ஹரிப்ரியா பேனாவைத் திறந்த வேகத்தில் 200 என்று எழுதி மூடிவிட்டாள்.

"இன்னாடி இது?"

"நானூறு, எரநூறு மிஸ். போனா மீதி எரநூறு."

"அப்ப இருபத்தி மூணு எங்க போச்சு?"

"அது எங்கயும் போவாது மிஸ். அப்பறமா பாத்துக்கலாம்."

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டார், அதுவும் நோட்டு கிழிகிற மாதிரி. அந்தப் பெண் அழவில்லை. நோட்டை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் அம்மா பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்துகிறவர். இது நடந்து ஒரு வாரம் இருக்கும், அரை நாளோடு பள்ளி விட்ட ஒரு சனிக்கிழமை. ரயிலுக்கு நேரமிருந்ததால் டீச்சர் அந்த வழியாக நடந்து வந்தார். மெஸ் வாசலில் செருப்புக் குவியல். ஹரிப்ரியா படியில் நின்று அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே கத்தினாள். "எம்மா, எழுவது பேரு கிட்ட கீறாங்க! அடுத்த ஒல வச்சிரு!"

டீச்சருக்கு அங்கேயே கால் நின்றுவிட்டது. ஒரு பார்வை. முழுசாக மூன்று விநாடிகூட இல்லை. அவர் சும்மா இருப்பாரா? எதிர்ப்பக்கம் நிழலில் ஒதுங்கி நின்று, ஒவ்வொரு ஜோடியாக எண்ண ஆரம்பித்தார். நடுவில் நாலு பேர் சாப்பிட்டு வெளியே வந்தார்கள், இரண்டு பேர் உள்ளே போனார்கள், அதையெல்லாம் கூட்டிக் கழித்து ஐந்து நிமிஷம் எண்ணினார். முதலில் இருந்தது எழுபத்தொன்று. அந்த ஐந்து நிமிஷத்தில் உள்ளே உலை கொதிக்கவே ஆரம்பித்திருக்கும். ஆனாலும் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. "குருட்டாம்போக்குல வந்திருக்கும்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ரயிலுக்குப் போனார். அன்று மேம்பாலத்துப் படியை எண்ண மறந்துவிட்டார்.

பிப்ரவரி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, நாலாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா. மூன்று பஸ். பிள்ளைகள் வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டுவந்திருந்தார்கள். காலையில் ஒரே களேபரம். டிரைவர் ஹாரனை அடிக்கிறார், ஜன்னல் சீட்டுக்கு இரண்டு பேர் கட்டிப் புரளுகிறார்கள், தலைமையாசிரியர் கேட்டில் நின்றுகொண்டு "மொத்தம் எவ்ளோ டீச்சர்?" என்று கேட்கிறார். வருகைப் பலகையில் வகுப்புக் கணக்கு மட்டும் எழுதியிருந்தது. நாலாம் வகுப்பு 48, ஐந்து 31, ஆறு 27, ஏழு 52, எட்டு 39. டீச்சர் பலகையைப் பார்த்தபடியே மனசில் கூட்டினார்.

"நூத்தி எண்பத்தேழு சார்."

சின்ன நோட்டில் ஐந்து எண்ணையும் எழுதி, கீழே 187 என்று போட்டு, இரண்டு கோடு இழுத்தார். வழக்கமாகக் கீழிருந்து மேலே ஒரு தடவை சரிபார்ப்பார். அன்றைக்கு ஹாரன் சத்தத்தில் பார்க்கவில்லை.

உடற்பயிற்சி ஆசிரியர் சம்பத் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். இறங்கிய இடத்தில் பிள்ளைகள் சிதறாமல் இருக்க, பத்துப் பத்துப் பேராகக் கொத்துப் பிரித்து, ஒவ்வொரு கொத்துக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தரைத் தலைவராக்கினார். மொத்தம் எத்தனை கொத்து என்று அவர் சொல்லவும் இல்லை, டீச்சர் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் அங்கேயே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

பாறைச் சிற்பத்தின் முன்னால் டீச்சர் அப்படியே நின்றுவிட்டார். யானையும் மானும் குரங்கும் பறக்கிற ஜோடிகளுமாக ஒரே கல்லில் அத்தனை உயிர். எண்ணத்தான் செய்தார். ஐம்பது வரை போனது. அதற்கு மேல் இந்தப் பூனையை எண்ணிவிட்டோமா, அந்த முகம் கல்லா நிழலா என்று குழம்பி, விட்டுவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் எண்ணிக்கை அவர் கைக்கு அடங்கவில்லை. அதில் கோபம் வரவில்லை, சந்தோஷமாக இருந்தது. அம்மாடி, எப்படித்தான் செதுக்கினார்களோ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் கடற்கரை. ஐந்து மணிக்கு விசில் ஊதினார்கள். மணலும் ஈரமுமாகப் பிள்ளைகள் ஓடிவந்து, காலையில் எந்த பஸ் என்பதெல்லாம் மறந்து, கிடைத்த பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள். டீச்சர் மூன்று பஸ்ஸிலும் ஏறி, தலை தலையாக எண்ணினார். முதல் பஸ்ஸுக்குத் திரும்பி வந்து, வாய்விட்டுச் சொல்லியபடி கூட்டினார். 62, 64, 61. மொத்தம் 187. நோட்டைத் திறந்தார். 187. அச்சாக ஒத்துப்போனது.

"நூத்தி எண்பத்தேழு. ஒண்ணு கூடல, ஒண்ணு கொறையல. வண்டிய எடுங்க!"

முதல் பஸ்ஸில் முன்சீட்டில் டீச்சர். அவருக்கு இரண்டு வரிசை தள்ளி ஹரிப்ரியா. பஸ் ஊரைத் தாண்டி, பூஞ்சேரி கூட்டுரோட்டில் லாரிக்கு ஒதுங்கி நின்றது. அப்போது முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது.

"மிஸ், ஒண்ணு கேக்கலாமா? காலைல எரநூறு பேரு கிட்ட வந்தோமே மிஸ்."

"எவ சொன்னது? நூத்தி எண்பத்தேழு."

"இல்ல மிஸ். போர்டுல பாத்தேன். அம்பது, முப்பது, முப்பது, அம்பது, நாப்பது. எரநூறு வருது."

"அதான் உன் பொய்க் கணக்கு. ஒவ்வொண்ணையும் மேல மேல ஏத்திட்டா எரநூறு வராம இன்னா வரும்?"

"எல்லாத்தயும் ஏத்தல மிஸ்." அந்தப் பெண் பயந்தபடிதான் பேசினாள், ஆனால் நிறுத்தவில்லை. "நாப்பத்தெட்ட ஏத்துனேன், அம்பத்திரெண்ட எறக்குனேன். அது ரெண்டுக்கும் சரியாப் போச்சு. மத்ததுல ரெண்டு மூணு முன்னப்பின்ன இருக்கும். அவ்ளோதான். இப்ப நீங்க எண்ணுனீங்களே மிஸ், மூணு வண்டியும் அறுவது அறுவதுன்னு வச்சா நூத்தி எண்பது. மூணயும் எறக்கிதான் போட்டேன், அதனால நெசக் கணக்கு கொஞ்சம் மேல இருக்கும், நூத்தித் தொண்ணூறு கிட்ட. அப்பவும் எரநூறுக்கு ஒரு பத்து இடிக்குது மிஸ்."

டீச்சர் திரும்பி உட்கார்ந்தார். 'வாயை மூடு' என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. ஆனால் கண் முன்னால் ஒரு செருப்புக் குவியல் வந்து நின்றது. எழுபது பேரு கிட்ட. எண்ணினால் எழுபத்தொன்று.

நோட்டைப் பிரித்தார். விரலை வைத்து, முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி, ஒவ்வொன்றாகக் கூட்டினார். எட்டும் ஒன்றும் ஒன்பது. ஏழு, பதினாறு. இரண்டு, பதினெட்டு. ஒன்பது, இருபத்தேழு. ஏழை எழுதி இரண்டை மேலே போட வேண்டும். காலையில் அவர் போட்டது ஒன்று.

நூற்றுத் தொண்ணூற்றேழு.

பத்துப் பிள்ளைகள். காலையில் கூட்டலில் பத்தை விழுங்கினார், சாயங்காலம் கடற்கரையில் பத்துப் பேர் விட்டுப்போனார்கள், தப்பும் தப்பும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சரி என்று பல்லிளித்தது. இப்படியும் ஒத்துப்போகுமா என்று நீங்கள் கேட்கலாம். ஒத்துப்போனதே, அதுதானே பயங்கரம்! ஒத்துப்போகாமல் இருந்திருந்தால் அங்கேயே இன்னொரு தடவை எண்ணியிருப்பார். பிள்ளைகளும் வாயைத் திறக்கவில்லை. தோழியைக் காணோம் என்றால், பக்கத்து பஸ்ஸில் இருப்பாள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

"வண்டிய திருப்புங்கண்ணா! திருப்புங்க!" டீச்சர் போட்ட சத்தத்தில் டிரைவர் ஏன் என்று கேட்கவில்லை. மற்ற இரண்டு பஸ்ஸையும் அங்கேயே ஓரம்கட்டச் சொல்லி, கடைசி பஸ்ஸில் இருந்த சம்பத் சாருக்கு போன் போட்டார்.

"சார், பத்துப் புள்ளைங்க இல்ல. ஒரு கொத்து அப்படியே இல்ல."

"ஐயோ டீச்சர்... ருக்சானா கொத்து," என்றார் சம்பத் சார். "கடக்கரக் கோயிலுக்கு வடக்கால, படகுங்க நிக்கிற எடத்துல நிறுத்தி, நான் வர்ற வரைக்கும் நகராதன்னு சொன்னேன். அப்ப வேற கொத்துல ஒரு பையனுக்கு மூக்குல ரத்தம் வந்துச்சு, தூக்கிகினு ஓடி வந்தேன். அப்படியே... ஐயோ..."

திரும்பிப் போன அந்தப் பத்து நிமிஷத்தை டீச்சர் எப்படிக் கடந்தார் என்று அவருக்கே தெரியாது. உதடு ஏதோ ஓதிக்கொண்டே இருந்தது. ஒரு பக்கம் பயம். இன்னொரு பக்கம், அந்தப் பயத்துக்கு நடுவிலும், ஓர் ஆச்சரியம் அவரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. பலகையைப் பார்த்தது இரண்டு பேரும்தான். ஒண்ணுகூட விடாமல் எண்ணிய ஆள் பத்தைத் தொலைத்தார். ஒண்ணைப் பற்றிக் கவலையே படாத பெண் அந்தப் பத்தைக் கண்டுபிடித்தாள். எப்படி? எப்படி? திரும்பித் திரும்பி அந்தச் சின்ன முகத்தைப் பார்த்தார். அது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

கடற்கரையில் வெயில் இறங்கியிருந்தது. டீச்சர் மணலில் ஓடினார். ஹரிப்ரியாவும் பின்னாலேயே ஓடினாள், வராதே என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. வரிசையாகப் படகுகள். ஆள் இல்லை. முதல் படகைத் தாண்டியதும் டீச்சரின் கால் நின்றது.

மணலில் செருப்புகள். ஜோடி ஜோடியாக, ஒழுங்காக, பள்ளி வராந்தாவில் விடுவது மாதிரியே வரிசையாக விட்டிருந்தது. அதற்கு அப்பால் அலை.

"பத்து ஜோடி இருக்கும் மிஸ்," என்றாள் ஹரிப்ரியா, மெதுவாக.

"யா அல்லாஹ்!" என்று கத்தியபடி டீச்சர் தண்ணீரைப் பார்த்து ஓடினார். புடவை நனைந்தது, முழங்கால் வரை அலை ஏறியது. அப்போதுதான் இடது பக்கம், கடைசிப் படகுக்கும் அந்தப் புறத்திலிருந்து, "ஏலேலோ" என்று கூவுகிற சத்தம் கேட்டது. பெரியவர்கள் குரலுக்கு நடுவில் சின்னக் குரல்களும் இருந்தன.

கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலில் வளைத்துப் போட்ட வலையைக் கரையில் நின்று கயிற்றைப் பிடித்து இழுக்கிற வேலை. கயிற்றில் மீனவர்கள் இருபது பேர் இருந்தார்கள். அவர்களுக்கு நடுநடுவே, சீருடையில், கால்சட்டையையும் பாவாடையையும் தூக்கிச் செருகிக்கொண்டு பிள்ளைகள்.

டீச்சர் ஓடிப்போய் ஒவ்வொரு தலையாகத் தொட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. தொட்ட தலையையே இன்னொரு தடவை தொட்டார். ஒன்பது, பத்து. பத்து! மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கயிற்றின் கடைசியில் இருந்த மீனவப் பெண், பெயர் பார்வதம், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்தாள். "இன்னா டீச்சரம்மா நீ? பச்சப் புள்ளைங்கள உட்டுட்டு எங்க போன? நானும் கேக்கறேன், வாங்க ரோட்டாண்ட கொண்டு போயி உடறேன்னு. மிஸ் வரும், மிஸ் வரும்னு சொல்லிகினு ஒண்ணுகூட நகர மாட்டேன்னு நின்னுகினு கீது. சும்மா நின்னா தண்ணியாண்ட போவும். அதான் கயித்த கையில குடுத்துட்டேன். கயிறு கையில கீற புள்ள எங்கயும் போவாது."

டீச்சர் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். பார்வதம் அதைப் பார்த்துவிட்டு, "சரி சரி, அழுவாத, எல்லாம் கீது," என்று சொல்லிவிட்டுத் திரும்பக் கயிற்றுக்குப் போனாள்.

ருக்சானா முகமெல்லாம் உப்புத் தண்ணீராக வந்து நின்றாள். எட்டாம் வகுப்புப் பெண், அந்தப் பத்துப் பேருக்குத் தலைவி. பஸ் போனதே தெரியாத மாதிரி சிரித்தாள்.

"பயமா இல்லியாடி உங்களுக்கு?" என்று டீச்சர் கேட்டார்.

"இல்ல மிஸ். சின்னதுங்க ரெண்டு அழுவுச்சு. நான்தான் சொன்னேன், நம்ம ஒண்ணு மிஸ் எண்ணாம உடமாட்டாங்க, ஒண்ணு கொறஞ்சாக்கூட வண்டி நகராது, நாமதான் பத்துப் பேரு கீறோமேன்னு. அப்பறம் யாரும் அழுவல."

டீச்சர் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம்மா, உங்களுக்காகத்தான் நின்னோம் என்று சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் ஷஃபியுல்லாவின் மகளுக்குக் கால் இஞ்சுகூட விட்டுக்கொடுக்க வராது.

"நகந்துச்சுடி," என்றார். "வண்டி நகந்துச்சு. நான் தப்பா எண்ணுனேன். உங்கள உட்டுட்டு பூஞ்சேரி வரைக்கும் போயிட்டேன். திருப்பிக் கூட்டிகினு வந்தது இவ." என்று ஹரிப்ரியாவின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். அந்தப் பெண் வெட்கப்பட்டுக் கால் விரலால் மணலைக் கிளறினாள். ருக்சானாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. இதுவரை வராத பயம் அப்போதுதான் அவளுக்கு வந்தது. டீச்சரின் ஈரப் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டீச்சரும் அழுதார்.

வலை கரையேறுகிற வரை பத்துப் பேரும் கயிற்றை விட மாட்டோம் என்றார்கள். விடச் சொல்ல டீச்சருக்கும் மனசில்லை. வலைக்குள் வெள்ளியாகத் துள்ளியதைப் பார்த்து, "எவ்ளோ மீனு மிஸ்!" என்று பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். எத்தனை என்று டீச்சர் எண்ணவில்லை.

பூஞ்சேரியில் மூன்று பஸ்ஸும் சேர்ந்தன. சம்பத் சார் ஓடிவந்து பத்துப் பேரையும் கட்டிக்கொண்டார். புறப்படுமுன் டீச்சர் ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி மறுபடி எண்ணினார். முதல் பஸ்ஸில் 72, அடுத்ததில் 64, கடைசியில் 61. நோட்டில் எழுதி, மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை கூட்டினார். 197. இந்த முறை சந்தேகமே இல்லை.

அடுத்த பஸ்ஸில் வந்திருந்த தலைமையாசிரியர் படியில் நின்று, "சரியா இருக்கா டீச்சர்? போலாமா?" என்று கேட்டார். டிரைவர் சாவியில் கை வைத்தபடி கண்ணாடியில் டீச்சரைப் பார்த்தார். பஸ் முழுக்க ஒண்ணு மிஸ் வாயைப் பார்த்தது.

டீச்சர் விடையைச் சொல்லவில்லை. நோட்டை மூடிக்கொண்டு, இரண்டு வரிசை பின்னால் திரும்பினார்.

"ஹரிப்ரியா, மொத வண்டி எழுவத்திரெண்டு, அடுத்தது அறுவத்தி நாலு, அப்பறம் அறுவத்தி ஒண்ணு. சுமாரா எவ்ளோடி வருது?"

அந்தப் பெண்ணின் கண் ஒரு கணம் மேலே போய்த் திரும்பியது.

"எரநூறு கிட்ட மிஸ்."

"வண்டிய எடுங்க," என்றார் பதருன்னிசா டீச்சர்.